எட்டுக் கால்

ஆடி மழை விட்டிருந்த ஒரு காலை,
மோயுன்ஜி ஏரியில்
ட்டுன் லுவின் துடுப்பை நிறுத்திக் கண்ணால் காட்டினார்.
அல்லி இலைமேல் ஒரு தகப்பன் இலைக்கோழி
மூன்று குஞ்சுகளையும் இறக்கைக்கு அடியில் அள்ளிக்கொண்டு
எழுந்து நின்றது.
தன் கால் இரண்டு,
தொங்கும் கால் ஆறு.

அழுத்தினேன்.
கேமரா ஒரு தரம் இருமியது.
பிறகு திரையில் ஓர் எண் மட்டும்.
பதினோரு வருஷம் உழைத்ததற்கு
சாக இந்த நொடிதானா கிடைத்தது?

பெகுவுக்குத் திரும்பும் பஸ்ஸில்
அதை மடியில் வைத்துக்கொண்டே யோசித்தேன்.
பல் பிடுங்குகிறவள் நான்.
என் மேசையில் ஒவ்வொரு குறடும் இரட்டை:
ஒன்று கொதிநீரில், ஒன்று கையில்.
ஏரிக்கு மட்டும் ஏன் ஒற்றையாக வந்தேன்?

ரங்கூனில், மாடிப்படிக்கு அடியில் ஒரு கடை.
மா நின் வே நான்கைக் கண்ணாடிமேல் வரிசையாக வைத்தார்.
"அவசரத்துக்குத்தானே, மலிவானது போதும்" என்றேன்.
மலிவானதை முதலில் உள்ளே எடுத்து வைத்தார்.
"முதலாவது நின்ற பிறகுதான் இதைத் தொடுவீர்கள், டாக்டர்.
அப்போது கை நடுங்கும்.
நடுங்கும் கை புதுப் பொத்தான் தேடாது."

ஒன்று பஞ்சு போல லேசு, ஆனால் பாட்டரி வேறு.
நாளுக்கு நாலு மணி நேரம் கரண்ட் வரும் தெருவில்
ஒரு வாய்க்கே முறை வைத்துத்தான் ஊட்டுகிறேன்.
ஒன்று புத்தம் புதுசு,
லென்ஸைத் திருகும் திசை மட்டும் தலைகீழ்.
கடைசியில் இருந்தது
என்னுடையதன் தம்பி மாதிரி.
பிடி உரிந்த இடத்தில்
சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டியிருந்தது.
தொண்ணூறாயிரம் முறை இமைத்த கண்.
"கல்யாண வீட்டுக் கேமரா" என்றார்,
"மாலையையும் சோற்றையும் தவிர வேறெதையும் பார்த்ததில்லை."
விலை, ஆறு கடைவாய்ப்பல் கட்டிய காசு.

"சும்மா இருக்கப்போவதற்கா இவ்வளவு?" என்றார் சிங்காரவடிவேல்.
"ஸ்டெப்னி டயர் கேள்விப்பட்டதில்லையா?"
"நம்மிடம் காரே இல்லையே."
அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.
இப்போதும் இல்லை.

அடுத்த ஆடியில் கழுத்தில் இரண்டும்.
பழையது ரிப்பேராகித் திரும்பியிருந்தது,
நீள லென்ஸோடு,
ஒன்றும் நடக்காத முகத்தோடு.
இலைக்கோழி ஒன்று இறங்கியது.
இரண்டு கால்தான்.
ட்டுன் லுவின் என்னவோ சொன்னார்,
கண்ணை எடுக்காமல் கையமர்த்தினேன்.
பழையது ஒருமுறைகூட நிற்கவில்லை.
நிற்காததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்,
சொன்னால் யார் நம்புவார்கள்.
பறவை எழும்பியபோது
வாங்கிய பாவத்துக்கு இருக்கட்டும் என்று
வயிற்றோடு கிடந்த தம்பியைப் பார்க்காமலே
ஒரு தரம் அழுத்தினேன்.

இரவு ஒன்பதுக்குக் கரண்ட் வந்தது.
படங்களை நேரப்படி அடுக்கச் சொன்னேன் கணினியிடம்.
தம்பியின் கடிகாரம் ஏழு நிமிடம் பின்தங்கியிருக்கிறது.
அதனால் பறவை முதலில் பறந்து போகிறது,
பிறகுதான் வந்து இறங்குகிறது,
பிறகு நாற்பத்தொரு படம் நிதானமாக நடக்கிறது.

அந்த முதல் படம் சாய்ந்திருக்கிறது.
பாதி வானம், பாதி படகு விளிம்பு,
மேல் மூலையில் பறவையின் வால்.
நடுவில் ட்டுன் லுவின்
துடுப்பை முழங்காலில் இடுக்கிக்கொண்டு
ஒரு கையில் ஐந்து விரல், மறு கையில் மூன்று.
முகம் என்னைப் பார்க்கவில்லை.
எனக்குப் பின்பக்கமும் இல்லை, இடப்பக்கம்,
அல்லிக்கூட்டத்தின் ஓரத்தில்
கடுகளவு ஏதோ நிற்கிறது.

பெரிதாக்கினேன்.
இன்னும் பெரிதாக்கினேன்.
கால்களை எண்ணினேன்:
ஐந்து வரை தெளிவு,
மிச்சமெல்லாம் சதுரம் சதுரமாகத் தண்ணீர்.

கடிகாரத்தைத் திருத்தவில்லை, நாளைக்கு ஆகட்டும்.
சார்ஜரில் ஒரு பாட்டரிக்குத்தான் இடம்.
எதனுடையது என்று பார்க்காமல் மாட்டினேன்.
இரண்டுக்கும் பொருந்தும்.